மேலே இருந்த ஈரம்

கதவைத் திறந்த சில்வஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். காந்தல் பள்ளம் முழுக்கப் புல், தகரக் கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாமே வெள்ளை. உறைபனி. "இருக்காதே, இருக்கக் கூடாதே," என்று வாய் மட்டும் முனகியது.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மனுஷனுக்குச் செயற்கைக்கோள் பைத்தியம். மேல்வானத்து நீராவியை அது அளந்து அனுப்பும் படத்தை ஃபோனில் பார்த்து, வாட்ஸப் குரூப்பில் ஊருக்கே வானிலை சொல்வார். மனைவி ஜெஸிந்தா மட்டும் மசியமாட்டாள். "உங்க சேட்டிலைட்டுக்கு நம்ம ஊடு தெரியுதாங்க?" என்று கிண்டலடித்துக்கொண்டே, பனிக்காலம் முழுக்கச் சாயங்காலமானால் பழைய சேலைகளைத் தேயிலை நாற்றுகள் மேல் போர்த்துவாள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, வருஷம் பூரா முதுகொடிய வளர்த்த நாற்று. அப்பா வழியில் வந்த துண்டு நிலத்தில் தனக்கென்று ஒரு தோட்டம் போடத் துடித்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் சேலைகளை எடுக்கப் போனவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் நீலகிரிக்கு மேல் வெள்ளைப் படலம். "மேல மேகம் மூடியிருக்கு. பனி உழாது. இன்னிக்கு ஒரு நாள் உடு," என்றார். கல்யாணமாகி முதல் தடவையாக மறுபேச்சு இல்லாமல் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையோடு ராத்திரி வாசலுக்கு வந்தவருக்கு நட்சத்திரங்கள் தெரிந்தன. பார்த்தார். படம் பொய் சொல்லாது என்று போய்ப் படுத்துவிட்டார்.

இப்போதுதான் உறைத்தது. படம் பொய் சொல்லவில்லை. அதில் வெள்ளையாகத் தெரிந்தது மேகமே இல்லை. எங்கோ உசரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஈரம். தரையின் சூட்டைப் பிடித்துவைக்க ஒரு துண்டு மேகம்கூட இருந்திருக்கவில்லை.

நாற்றங்காலுக்கு ஓடினார். வெயில் பட்ட வரிசைகள் கருகத் தொடங்கியிருந்தன. நடுவில் ஜெஸிந்தா குந்தியிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

"ஜெஸி..."

"நட்சத்திரம் இருந்துச்சுங்க," என்றாள், நிமிராமலே. "நானும் பாத்தேன். நீங்க சொன்னீங்களேன்னு வந்து படுத்துட்டேன்."

அவர் பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது. குரூப்பில் பக்கத்துத் தோட்டத்து சுகுணா: "சார், இன்னிக்கு ராத்திரி நாத்த மூடோணுங்களா?"

மடித்துக் கல்மேல் வைத்திருந்த சேலைகள் பலகையாக விறைத்துக் கிடந்தன. ஜெஸிந்தா எழுந்து ஒன்றை எடுத்தாள். மடிப்பு லேசில் பிரியவில்லை. இரண்டு கையாலும் உதறி, கருகிய நாற்றுகள் மேல் விரித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.