பில்லர் கம்பியின் நிழல்

1

இந்தக் கதை எனக்கு என் வீட்டு மொட்டை மாடியில் கிடைத்தது. சோலார் போடலாமா வேண்டாமா என்று எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தேன். அளக்க வந்த சரிதா என்ற பெண் டேப்பைச் சுருட்டியபடி, "நீங்க பரவாயில்ல சார். மூலக்குளத்துல ஒரு வீட்டுக்கு மூணு தடவ போய்ட்டேன்" என்றாள். பிறகு அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். அவள் சொன்னதற்கு மேல் இங்கே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. பெயர்கள்கூட நான் வைத்தவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெயில் எல்லார் மாடியிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது, ஆனால்"

அந்த ஆனாலுக்கு அப்புறம் என்னிடம் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "அப்துல் கஃபாருக்கு வயது அறுபத்தெட்டு. பேனலுக்கு வாரண்டி இருபத்தைந்து வருஷம்." எழுதியதும் என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்துப்போயிற்று. அதனாலேயே அடித்தேன்.

மூன்றாவதாக, அவர் மனைவியிடமிருந்து.

ஜஹபர் நிஷா ஈரத்துணி வாளியோடு மாடி ஏறும்போது, நடுவில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போனாள். (கணவருக்கு 'அவர்', மனைவிக்கு 'அவள்'. யோசிக்காமல் கை எழுதியது. இனி இவரும் 'அவர்'.) மாடியில் எட்டு இடத்தில் பில்லர் கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. மேல்வீடு கட்டுவதற்காகப் பதினெட்டு வருஷத்துக்கு முன் விட்டு வைத்தவை. மேல்வீடு மகன் ஷஃபீக்குக்கு. ஷஃபீக் பிரான்ஸில் இருக்கிறான். அந்தக் கம்பிகளில் கொடி கட்டித்தான் நிஷா துணி காயப்போடுகிறார்.

3

சோலார் யோசனை ஷஃபீக்குடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அதே பேச்சு. "போட்டுக்குங்க அத்தா. நான் பாத்துக்கறேன்."

"கம்பி நிக்குதேப்பா. நீ வந்து கட்டுனப்புறம் மேல்தளத்துல போட்டுக்கலாம்" என்பார் கஃபார்.

அந்த நேரம் பார்த்து நிஷாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். ஏனென்றால் பக்ரீத் அன்று ஷஃபீக் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தான்: "அம்மா, இங்கயே வீடு வாங்கிட்டோம். அத்தாகிட்ட இப்ப சொல்லாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கறேன்." அவனுடைய பக்குவம் சோலார் பேனலாக வந்திருக்கிறது என்று நிஷாவுக்குப் புரிந்தது. பத்து மாதம் அதைச் சுமந்தார். [பத்து வேண்டாம், வேறு எதையோ நினைவுபடுத்துகிறது. ரொம்ப நாள்.]

கம்பி துருப்பிடிக்காமலிருக்க வருஷாவருஷம் மழைக்கு முன் கஃபார் சிமெண்ட் பால் பூசுவார். இந்த வருஷமும் பூசினார். கரைத்துக் கொடுத்தது நிஷா. கரைக்கும்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"கட்டியில்லாம கரை" என்றார் கஃபார்.

கரைத்தார்.

4

மூன்றாவது தடவை போனபோது சரிதா வெளிப்படையாகவே சொன்னாள். "இந்தக் கம்பி நெழல் பேனல் மேல விழும் சார். ஒரு பேனல் மேல விழுந்தாலும் மத்ததுலயும் கரண்டு கொறைஞ்சிடும். அறுத்துடணும். இல்லன்னா ஒசரமா ஸ்டாண்டு போட்டு அதுக்கு மேல வைக்கலாம்."

"அப்ப எம் புள்ள கட்ட வரும்போது கழட்டிக்கலாமா?"

"கழட்டலாம் சார், ஆனா"

"அவன் வரமாட்டான்" என்றார் நிஷா. கையில் இருந்த துணியை உதறிக்கொண்டே சொன்னார். "அங்கயே வீடு வாங்கிட்டான்."

சரிதா டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்" என்றார் கஃபார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். முன்ன 'நம்ம மாடி'ம்பான். இப்ப 'உங்க மாடி'ன்றான்."

"பின்ன எதுக்கு இந்த வருஷமும் பூசுனீங்க?"

"நீதான கரைச்சுக் குடுத்த. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நீ நம்பிக்கிட்டு இருக்கியேன்னு..."

அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. நிஷாவுக்கு அழுகை வரவில்லை. எங்காவது கொஞ்சம் படுக்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

5

இந்த இடத்தில் எனக்குக் கஃபார் மேல் சந்தேகம். உண்மையிலேயே தெரிந்திருந்ததா, இல்லை மனைவி முன்னால் உடைந்துவிடாமலிருக்கச் சொன்னாரா? சரிதாவிடம் கேட்டேன். "தெரியல சார். கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு" என்றாள். அதை வைத்து எந்தப் பக்கமும் எழுதலாம்.

எழுதியும் பார்த்தேன். ஒரு முடிவில் கம்பியை அறுக்கிறார்கள், மிஷினிலிருந்து பொறி பறக்கிறது. இன்னொன்றில் சரிதாவை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் கீழே போய்ச் சாப்பிடுகிறார்கள். இரண்டிலும் நிஷா ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மறுநாள் வாசித்தபோதுதான் தெரிந்தது.

6

சரிதா சொன்னது வேறு. அவள் படிவத்தை நீட்டியிருக்கிறாள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மனை நிஷாவின் தகப்பனார் கொடுத்தது. பத்திரமும் இணைப்பும் நிஷாவின் பெயரில். கஃபார் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"நீயே சொல்லு. இன்னா செய்யலாம்?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் வீட்டைப் பற்றி யாரும் நிஷாவிடம் இப்படிக் கேட்டதில்லை.

நிஷா சரிதாவைப் பார்த்தார். "இத போட்டா கீழ ரூமுல சூடு கொறையுமாம்மா?"

"கொஞ்சம் கொறையும்மா. தளத்துல நெழல் இருக்கும்ல."

"துணி எங்க காயப்போடறது?"

அதற்குச் சரிதாவிடம் ஒரு பதில் இருந்தது, கஃபாரிடமும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். நிஷா கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க. யோசிக்க வுடுங்க."

அவர் கையெழுத்துப் போட்டாரா என்பதை என் மாடியில் நின்று சரிதா சொல்லத்தான் வந்தாள். வேண்டாமென்று தடுத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் மெதுவாகச் சொல்லட்டும். அதுவரை நீங்களும் நானும் கொஞ்சம் வெயிலில் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.