ஓரத்தில் ஒரு கை

குறும்படத்துக்கு ‘எங்க ஊடு’ என்று பெயரெல்லாம் வைத்தாகிவிட்டது. நாளைக் காலை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். எலப்புள்ளியில் தங்கள் வீட்டிலேயே மூன்று நாள் எடுத்த காட்சிகளை லேப்டாப்பில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தாள் அனுப்பிரியா. குடும்பம் முழுவதும் ஒன்றாகத் தெரிகிற ஒரே ஒரு ஷாட் போதும். அதுதான் அகப்படவில்லை.

அப்பா, அம்மா, அண்ணன் கோபிநாத் மூவரும் தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனைகட்டியிலிருந்து வாழ வந்த அண்ணி தாரணி மட்டும் எதிலும் முழுதாக இல்லை. ஒன்றில் ஓரமாக ரசக் கரண்டி பிடித்த கை. இன்னொன்றில் வெறும் புடவைத் தலைப்பு. மற்றொன்றில் கதவுக்கு அப்பால் மங்கலாக ஒரு முதுகு.

அனுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏம்மா, அண்ணிய நம்மகூட உக்காந்து ஒரு வாய் திங்க உட மாட்டியா?” என்று அம்மாவிடம் பாய்ந்தாள்.

“நானா வேண்டாங்கறேன்?” என்றாள் அம்மா.

“உன்ற பொண்டாட்டிய நீயாச்சும் கூப்பிடக் கூடாதாண்ணா?”

துணி மடித்துக்கொண்டிருந்த தாரணி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். “சத்தமே வரலையே, அனு?”

“பாட்டுப் போடறதுக்காக நாந்தான் நிறுத்தி வெச்சேனுங்க அண்ணி.”

“வெச்சுக் கேளு.”

அனு சத்தத்தைத் திறந்தாள். தட்டுகள் உரசும் ஒலிக்கு மேலே, கேமராவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே வந்தது.

“அண்ணி, கொஞ்சம் தள்ளிக்கங்க. குடும்பம் மொத்தமும் ஒண்ணா வரோணும்.”