ஒரே புள்ளியில் நாலு மாடி

என் கணவர் குடியை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. நிறுத்திய மறுநாளே என் போனை வாங்கி, வீட்டில் ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவருக்குக் காட்டும் செயலியை அதில் ஏற்றித் தந்தார். "இனிமே சத்தியம் கித்தியம் எல்லாம் வேணாம். உன் கண்ணாலயே பாத்துக்கோ," என்றார். அன்றிலிருந்து வரைபடத்தில் அவர் ஒரு நீலப் புள்ளி. ஏசி மெக்கானிக் என்பதால் அந்தப் புள்ளி ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்கும்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்திருந்தேன். இன்னொரு தடவை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று. நான் சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு நீலப் புள்ளி கடைவீதி முனையிலுள்ள கட்டடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் அசையவில்லை. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். குடிக்கிற பார். வீட்டுக்கு வந்ததும், "எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். "வேலைதான். ஒரு மெஷின்ல தண்ணி ஒழுகுச்சு," என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். வாடை எதுவும் இல்லை. ஆனால் வாடையை மறைப்பதில் மனிதர் கைதேர்ந்தவர்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு முடிவு விபரீதமாக வந்தால், அதே ரத்தத்தை மறுபடி கருவியில் ஓட்டிப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட மாட்டோம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வியாழன் வரை பொறுத்தேன். அதே கட்டடம், அதே ஒரு மணி நேரம். மூன்றாவது வியாழனும் புள்ளி அங்கேயே போய் நின்றது. பதினான்கு வயது மகளுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்றேன். அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அம்மா, அதை அப்படியே நம்பாத. என் கிளாஸ்ல ஒருத்தி வீட்ல தூங்கிட்டிருந்தா. அவங்கம்மா போன்ல அவ ஏரிக்கு நடுவுல நின்னா!"

"உங்கப்பாவுக்கு வக்காலத்து வாங்காதே," என்று வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டடத்தை நெருங்க நெருங்க, என் சிவப்புப் புள்ளி அவருடைய நீலப் புள்ளியிடம் போனது. வாசலில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கல்யாண போட்டோவில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவசரத்தில் வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்திருந்தேன் போல. டாக்டர் வந்துவிட்டார் என்று நினைத்து ஒருவர் கிளாஸை மேஜைக்கு அடியில் ஒளித்தார். ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தேன். கழிவறைக் கதவையும் தட்டினேன். யாரோ ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் இல்லை.

கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினேன். "இதோ, இங்கதான் இருக்கார்னு காட்டுது."

அவர் சிரித்துவிட்டார். "அக்கா, இதுக்கு மாடி தெரியாது. தரையோட சேத்து நாலு மாடி இருக்கு இங்க. பல் டாக்டர்கிட்ட வந்தவரையும் இதே இடத்துலதான் காட்டும். மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வந்து நிப்பாங்க."

ஒரே கருவியில் மூன்று முறை ஓட்டினால் ஒரே தப்புதான் மூன்று முறை வரும். இது தெரியாமல் இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தேனோ! படியேறினேன். முதல் மாடியில் பல் டாக்டர். இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது மாடி பூட்டியிருந்தது. மூன்றாவது மாடியில், 'குடியை நிறுத்தியவர்கள் கூட்டம், வியாழன் 6.30' என்று தாள் ஒட்டிய ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். பேசிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர்.

"போன வாரம் இங்கேர்ந்து இறங்கினேன். கீழே அந்தக் கதவுகிட்ட வந்ததும் கால் நகர மாட்டேங்குது. பத்து நிமிஷம் நின்னேன். என் வீட்டுக்காரி போன்ல பாத்துட்டுதான் இருப்பா. ஆனா நான் மேல இருந்தாலும், கீழ உள்ள போய் உக்காந்தாலும் அவளுக்கு ஒரே புள்ளிதான். போனா யாருக்கும் தெரியப் போறதில்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போகல. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்."

"வீட்ல சொன்னீங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். பஸ் ஓட்டுநரின் சீருடையில் இருந்தார்.

"இல்லைங்க. யார் தயவும் இல்லாம நிறுத்திட்டார்னு நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லிட்டிருக்கா. மூணு வாரமா இங்க வந்து உக்காந்தாதான் தாக்குப்பிடிக்க முடியுதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவமானமாக இருந்தது. என்னிடம் மறைத்தாரே என்று கோபம் வந்தது. அதற்கெல்லாம் மேலே, அழுகையாக வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை எந்தப் போனும் எனக்குக் காட்டியிருக்காது. இனி எந்த அண்ணன் வீட்டுக்கும் போகப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கதவைத் தள்ளினேன். அவர் துள்ளி எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எப்படி... சத்தியமா நான் கீழ போகல..."

"தெரியும். நான்தான் போயிட்டு வர்றேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓட்டுநர் அம்மா ஒரு நாற்காலியை என் கணவர் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இங்க வர்றவங்க எதை நிறுத்தணும்னு சொல்லிட்டுதான் ஆரம்பிப்பாங்க. நீங்களும் ஏதாவது சொல்றீங்களா?"

சும்மாதான் கேட்டிருப்பார். ஆனால் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "நான் குடிக்கிறதில்லைங்க. போனைப் பாக்குறேன். கண்ணைத் திறந்ததும் பாக்குறேன், ஒருத்தருக்கு ஊசி குத்திட்டு அடுத்தவர் வர்றதுக்குள்ள பாக்குறேன். ஏழு மாசமா இவர் முகத்தைவிட இவர் புள்ளியைத்தான் அதிகமா பாத்திருக்கேன். நிறுத்தணும்னு நினைக்கிறேன், முடியல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு எத்தனை தடவை?" என்று ஓட்டுநர் அம்மா கேட்டார்.

"நாப்பது இருக்கும்."

"நாளைக்கு?"

என் கணவரைப் பார்த்தேன். அவரும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"முப்பத்தொன்பது," என்றேன்.