உதடு திறப்பதற்கு முன்

1

பிப்ரவரி 19, புதன்கிழமை காலை. மருத்துவமனையின் நான்காவது மாடியில், சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில், காய்கறிச் சந்தையில் ஏலம் கூவும் பெண் ஒருவர் தன் குரலைக் கணினியில் கேட்டார். கேட்டுவிட்டு, "யாரு இவ?" என்றார்.

இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். நான் அங்கே போனது கதைக்காக அல்ல. ஒரு வார இதழின் அறிவியல் பக்கத்துக்கு, உலக மொழிகளில் உள்ள உள்வெடிப்பு ஒலிகளைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். மூன்று முறை ஆரம்பித்தேன்.

"மனிதத் தொண்டை என்பது ஓர் அதிசயமான" [இதை எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து கோடு போட்டு அடித்தேன்.]

"பேசும்போது காற்று வெளியேதான் போகிறது என்று நாம் எல்லோரும்" [பரவாயில்லை. ஆனால் 'நாம் எல்லோரும்' என்று தொடங்கும் கட்டுரைகளை நானே தாண்டிப் போய்விடுவேன்.]

"அந்தப் பெண்ணின் குரல்வளையை அடுத்த வாரம் எடுத்துவிடுவார்கள்."

மூன்றாவதை அடிக்கவில்லை. "இது கட்டுரை மாதிரி இல்லையே" என்றார் இதழின் ஆசிரியர். அவர் சொன்னது சரி.

2

ஒலியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி வழியில் நின்று என்னைத் திட்டுவீர்கள்.

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வருகிற, அதிர்கிற 'ப'வைக் கவனியுங்கள். உதடு மூடுகிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று வாய்க்குள் வந்து முட்டுகிறது. உதடு திறக்கிறது, காற்று வெளியே போகிறது. உள்வெடிப்பு ஒலியில் ஒன்று மட்டும் மாறுகிறது. உதடு மூடியிருக்கும்போதே குரல்வளை, சைக்கிள் பம்பின் தண்டு மாதிரி, கீழே இறங்குகிறது. குரல் நாண்கள் அதிர்வதை நிறுத்துவதில்லை. வாய்க்குள் இடம் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. உதடு திறந்ததும் வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே வருகிறது.

[முதல் வரைவில் 'மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தேன். தவறு. புத்தகத்தைப் பார்த்துப் பழகுகிறவர்கள் பலரும் செய்கிற தவறு. மூச்சை இழுத்தால் விக்கல் மாதிரி ஏதோ வரும். மூச்சை இழுக்கும் வேலையே இதில் கிடையாது, இறங்குவது குரல்வளை. சில நேரம் காற்று உள்ளே வருவதுகூட இல்லை. அழுத்தம் குறைவதோடு சரி.]

சிந்தி மொழியில் இப்படி நான்கு ஒலிகள் உண்டு. ஹவுசாவில் உண்டு, சூலுவில் உண்டு, வியட்நாமிய மொழியில் உண்டு. உதட்டில் பிறப்பவை அதிகம். நாக்கின் பின்பக்கம், தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பவை குறைவு. அங்கே அடைபடுகிற இடம் சிறியது என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

பழக்கமில்லாத காதுக்கு இதெல்லாம் சாதாரண 'ப', சாதாரண 'ட' மாதிரிதான் கேட்கும். உற்றுக் கேட்டால், உதடு திறப்பதற்கு முன் ஒரு முனகல் இருக்கும். சன்னமாகத் தொடங்கி வலுத்துக்கொண்டே வரும். வேறுபாடு பெரும்பாலும் அந்த முனகலில் இருக்கிறது.

3

அவரை அக்கா என்று எழுதுகிறேன். சந்தையில் அவரைவிட மூத்த லாரிக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வெங்காய மூட்டைமேல் ஏறி நின்று அவர் விலை கூவினால் எதிர்ச்சாரியில் இருக்கிற முட்டைக் கடைக்காரர் தன் ரேடியோவை அணைத்துவிடுவாராம். கேட்டும் பயனில்லை என்று.

குரல்வளையில் கட்டி. முழுவதையும் எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள். அதன்பின் அவருடைய குரல் கிடையாது. அதனால் அறுவைக்கு முன்பே குரலைச் சேமிக்கிறார்கள். சில நூறு வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அவற்றிலிருந்து கணினி ஒரு குரலைக் கட்டுகிறது. பிறகு கைக்கருவியில் எதைத் தட்டினாலும் அந்தக் குரலில் பேசும்.

கூடவே வருபவர் அவருடைய தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் சாவிக்கொத்து ஆடும்.

[இவர்கள் வீட்டில் பேசும் மொழி வேறு; உள்வெடிப்பு ஒலி உள்ள மொழி. எனக்கு அது புரியும், பேச வராது. கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். ஆகவே இந்தக் கதை எந்த ஒலியைப் பற்றியதோ, அந்த ஒலி இதில் ஓர் இடத்திலும் கேட்காது. இதற்கு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியாது.]

4

"யாரு இவ?"

"நீதாங்கா," என்றார் தம்பி.

"நானா? நேத்து இந்தப் பக்கம் குடிவந்து, டியூஷன் வச்சு நம்ம பாஷையைக் கத்துக்கிட்டவ மாதிரில்ல பேசுறா."

"குரல் உன் குரல்தானே?"

"குரல் என்னுதுதான். வாய் யாரு வாய்டா? 'கதவைத் திறந்து வை'ங்கறா. இப்படிச் சொன்னா நம்ம வீட்டுல எவன் கதவைத் திறப்பான்? ஜன்னல் வழியா எட்டிப் பாப்பான்."

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளருக்கு இவர்கள் பேசுவது புரியவில்லை. முகம் மட்டும் புரிந்தது. அந்த ஆய்வகத்தில் அவருக்குச் 'சுத்தம்' என்று பட்டப்பெயர். பதிவில் மின்விசிறி, நாற்காலிக் கிறீச்சல், எச்சில் விழுங்குவது எதையும் விட்டுவைக்க மாட்டார். எல்லோருக்கும் தெரிந்த பொது மொழியில் விஷயத்தை விளக்கினேன். அக்காவையே ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார். திரையில் அலையைப் பெரிதாக்கினார். கணினிக் குரலின் அலையைப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில், உதடு திறப்பதற்கு முன் சின்னச் சின்ன மேடுகள் வளர்ந்துகொண்டே போயின. இன்னொன்றில் அந்த இடம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"இதை நான் இரைச்சல்னு நினைச்சேன்," என்றார். "சத்தம் கம்மியா, அடியில உறுமற மாதிரி வந்துது. ஏ.சி.ன்னு நினைச்சு எல்லா வாக்கியத்துலயும் வெட்டிட்டேன்."

"வெட்டாதது இருக்கும்ல?" என்று கேட்டார் தம்பி.

"சுத்தம் பண்ணதும் பழசை அழிச்சிடுவேன். இடம் பத்தாது."

தம்பியின் சாவிக்கொத்து நின்றது. "நல்லாப் பண்ணீங்க சார்."

5

இந்த ஒலிப்பதிவாளரிடம்தான் நான் தடுமாறுகிறேன். ஒரு வரைவில் அவரைத் திமிர் பிடித்தவராக எழுதினேன். சுழல் நாற்காலி கொடுத்தேன், அதில் சாயவிட்டேன், 'எல்லாருக்கும் நடக்கிறதுதான்' என்று சொல்லவைத்தேன். கதை நன்றாக ஓடியது. வாசகருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பக்கம் புரளும்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்று மாலைவரை தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அந்த ஒலியைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்டில் உதட்டை இறுக மூடி முனகினார். உடன் வந்த நர்ஸ், "வயித்து வலியா சார்?" என்றார். "இல்ல சிஸ்டர், என்ன வெட்டினேன்னு பாக்கிறேன்," என்றார் இவர். நர்ஸ் அடுத்த மாடியில் இறங்கிக்கொண்டார்.

அவருக்குக் கடைசிவரை அந்த ஒலி வரவில்லை. எனக்கும்தான். இதை எழுதும் இந்த நிமிடம் வரை நானும் முயன்று

[வேண்டாம். நான் இங்கே முக்கியமில்லை.]

6

மறுபடி முழுவதையும் பதிவு செய்யலாமா? பல நாள் உட்கார வேண்டும். முதல் பதிவின்போது இருந்த தொண்டை இப்போது இல்லை. நாலு வரி படித்தால் குரல் கட்டிக்கொள்கிறது. விட்டுவிட்டுப் படித்தால் முடியும். அதற்கு அறுவையைத் தள்ளிப்போட வேண்டும்.

அறுவை மருத்துவர் சுற்றி வளைக்காமல் பேசினார். "நீங்க வேணா காத்திருப்பீங்கம்மா. கட்டி காத்திருக்காது. தள்ளச் சொல்லி நீங்க எழுதிக் கொடுத்தா நான் தடுக்க முடியாது. என்னைக் கேட்டா, வேண்டாம்."

வெளியே நடைக்கூடத்தில் அக்கா நின்றார்.

"எழுதிக் கொடுத்துடலாம்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"நாளைக்கு நான் வாயைத் தொறந்தா எவளோ பேசுவாடா."

"எவளோ பேசிட்டுப் போறா. கேக்குறதுக்கு நீ இருப்பேல்ல?"

"கேக்குறதுக்கா? ஆயுசு முழுக்க நான் கத்தினேன், நீங்க எல்லாம் கேட்டீங்க. இப்போ என்னைக் கேக்கச் சொல்றியா?"

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். [இங்கே 'அவர் தோள் குலுங்கியது' என்று எழுதியிருந்தேன். குலுங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார்.]

திரும்பாமலே, "எனக்கு வேற யாரு இருக்காங்கக்கா?" என்றார்.

"ஆமா, இதைச் சொல்லிடு," என்றார் அக்கா. "மத்ததுக்கெல்லாம் என்னைக் கேக்காம செய். இதுக்கு மட்டும் இதைச் சொல்லிடு."

எழுதிக் கொடுக்கவில்லை. தேதி அப்படியே நின்றது.

7

இங்கே முடிவுகள் கிளை பிரிகின்றன. இரண்டை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அறுவை தள்ளிப்போகிறது. அக்கா எல்லா வாக்கியங்களையும் மறுபடி படிக்கிறார். கட்டி பொறுமையாக இருக்கிறது. குரல் கச்சிதமாக அமைகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவருடைய கழுத்தைப் பணயம் வைத்து என் கடைசிப் பத்தியை அழகாக்குகிறேன் என்று தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது முடிவு, உண்மையில் ஒலிப்பதிவாளர் கேட்டது. தம்பிக்கும் அதே மொழி, அதே ஒலி. அவருடைய முனகலை எடுத்து, சுருதி ஏற்றி, அக்காவின் சொற்களில் வெட்டிய இடத்தில் ஒட்டிப் பார்க்கலாமா?

"அவன் தொண்டையை என் வாயில வைக்கவா?" என்றார் அக்கா. "அப்புறம் நான் சொல்றது ஒண்ணையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"அக்கா!"

"என்ன அக்கா? வெள்ளிக்கிழமை கேட் ரெடின்னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கே?"

நான் இதை முடிவாக எழுதியபோது அக்கா சம்மதித்தார், தம்பி அழுதார், எனக்கும் தொண்டை அடைத்தது. எழுதுகிறவனுக்கே தொண்டை அடைக்கிற முடிவை நம்பக் கூடாது. எடுத்துவிட்டேன்.

8

நடந்தது இது.

மருத்துவமனையில் சேரும் நாள் காலையில் ஒலிப்பதிவாளர் அறையை ஒதுக்கி வைத்திருந்தார். குரலைக் கட்ட நேரமில்லை. ஆனால் சில தொடர்களை முழுதாகப் பதிந்து கருவியில் வைத்துவிடலாம். பொத்தானைத் தொட்டால், சொன்னது சொன்னபடி வரும். 'தண்ணி வேணும்', 'வலிக்குது', 'டாக்டரைக் கூப்பிடு' என்று தேவையானவற்றை எழுதி எடுத்து வந்திருந்தார்.

அக்கா அந்தத் தாளைத் தள்ளி வைத்தார்.

"வலிக்குதுன்னு எவ சொன்னாலும் வந்து பாப்பாங்க. திட்டுறது அப்படியா? திட்டு என் வாயாலதான் வரணும். அந்தப் புதுசா குடிவந்தவ திட்டினா இவன் சிரிப்பான்."

"நான் ஏன்கா சிரிக்கப் போறேன்?"

"எதிர்ல வந்து உக்காரு. ஆள் இல்லாம எனக்குத் திட்ட வராது."

தம்பி உட்கார்ந்தார். முழங்கால் ஆடத் தொடங்கியது.

"காலை ஆட்டாதேடா, வீடே ஆடுது. சோத்தைப் போட்டு வச்சா போனைப் பாக்கிறே, அப்போ போனையே தின்னு. வெல்டிங் வைக்கிறேன்னு போயி சட்டையில ஓட்டை வச்சுட்டு வர்றே. உன்னைப் பெத்ததுக்கு அம்மா ஒரு கதவைப் பெத்திருந்தா சாத்தவாவது சாத்தியிருக்கலாம்."

"அந்தச் சட்டை போன வருஷம்கா!"

பேசக் கூடாது என்று ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். பிறகு கையை இறக்கி, இரண்டு கைகளையும் தொடையடியில் வைத்துக்கொண்டார். வெளியே தள்ளுவண்டி போகும் சத்தம், நாற்காலி, தம்பியின் பதில், எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தன. அவர் விசைப்பலகையைத் தொடவில்லை. நான் அக்காவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒலி வரும்போதெல்லாம் குரல்வளை மேடு இறங்கிற்று, ஏறிற்று. இறங்கும்போது அவர் கண்ணைச் சுருக்கினார்.

லாரிக்காரர்களுக்கும், தராசில் கைவைக்கிறவர்களுக்கும், கதவைச் சாத்தாமல் போகிறவர்களுக்கும் என்று அவர் திட்டி முடித்தபோது அறையே வியர்த்திருந்தது.

"அக்கா, அப்படியே நல்ல வார்த்தை நாலு சொல்லிடுங்க," என்றார் ஒலிப்பதிவாளர்.

தம்பி முழங்காலை நிறுத்தினார்.

அக்கா தண்ணீர் குடித்தார். தம்பியைப் பார்த்தார். உதட்டை மூடினார். கழுத்தில் அந்த மேடு நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி முயன்றார். காற்று மட்டும் வந்தது. மூன்றாவது முறை முயலவில்லை. போதும் என்று கையைக் காட்டினார்.

9

அந்த நல்ல வார்த்தை என்ன என்று நான் கேட்கவில்லை. எழுத நினைத்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: தம்பிக்குத் தெரியாத வார்த்தையாக இருக்க வேண்டாம். இதற்கு மேல் ஒரு முடிவை

[விட்டுவிடுகிறேன்.]

அறுவை குறித்த நாளில் நடந்தது. அக்கா வீட்டில் இருக்கிறார். சந்தையில் வேறொருவர் ஏலம் கூவுகிறார். ஒலிப்பதிவாளர் இப்போது மூலப் பதிவுகளை அழிப்பதில்லை. கருவியில் எதைத் தட்டினாலும் அந்த அந்நியக் குரல்தான் பேசுகிறது. திட்டுகள் மட்டும் அக்காவின் வாயிலிருந்து வருகின்றன. தம்பியைச் சாப்பிடக் கூப்பிடவும் அவர் திட்டுப் பொத்தானையே தொடுகிறார். தம்பி வந்து சாப்பிடுகிறார்.