மேஸ்திரி நின்ற வாசல்

எனக்கு நடந்த பாலியல் வன்முறையைப் பற்றி மற்றப் பெண்களிடம் பேச, மகளிர் சங்கத்தில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முதல் கூட்டம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், டீ நேரத்தில். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மேஸ்திரியும் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டார்.

துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் விழ இவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என்னாலும் முடியாது. பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை.

"அண்ணே, கொஞ்சம் வெளியில இருங்க."

"ஏம்மா, நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அச்சு வார்க்கும் ஆராயி களிமண் கையோடு எழுந்தாள்.

"டீ ஆறுது, போயி குடிங்க மேஸ்திரி."

அவர் முணுமுணுத்தபடி நகர்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"மொதல்ல நீ சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

துப்பட்டாவை விடாமலே பேச ஆரம்பித்தேன்.