குழுவில் இருநூற்றாறு பேர்

சங்கத்து வாட்சப் குழுவைத் திறந்தாலே பொன்செல்விக்கு முகம் சுளிக்கும். காலை ஆறு மணிக்குத் தாமரைப்பூவோடு ஒரு வணக்கம். ஏழு மணிக்குச் செயலாளர் ஐயம்பெருமாள் யாருக்கோ சால்வை போர்த்துகிற படம். எட்டு மணிக்கு யாரோ ஐயம்பெருமாளுக்குச் சால்வை போர்த்துகிற படம். இந்தக் குப்பைக்கு நடுவில்தான் தச்சநல்லூர்ப் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் தங்கள் வயிற்றெரிச்சலைப் படமாகப் போட்டிருந்தார்கள்.

போடச் சொன்னவள் பொன்செல்விதான். சங்கத்தின் சென்னை மையம் ஞாயிறுதோறும் தொழிலாளர் சட்டம் பற்றி இணையத்தில் வகுப்பு எடுத்தது. சங்க அலுவலகத்துப் பெரிய டிவியில் பார்க்கலாம். முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் நான்கு பேர். பொன்செல்வி மட்டும் ஒரு வாரமும் விடவில்லை. பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்பாள். முக்கியமானது வந்தால் தட்டை இறக்கிவிட்டு மகளின் பழைய நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஏஜெண்டு பெருமாள்ராஜ்தான் அந்தப் பக்கத்துப் பீடிக்கடைக்காரர். கம்பெனியின் இலையும் தூளும் அவர் கையால்தான் வரும், சுற்றிய பீடியும் அவர் கைக்குத்தான் போகும். வாங்கும்போது "இது சொத்த, இது லூசு" என்று பிடி பிடியாகக் கழித்து மேசையில் ஒதுக்குவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, திருப்பியும் தரமாட்டார். அதையே கட்டி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயரும் எண்ணும் தெரியும்படி படம் இருந்தால்தான் மனு நிற்கும் என்று ஐந்தாம் பாடத்தில் சொன்னார்கள். அதன்படி, கழித்த பீடிக்குப் பக்கத்தில், இலைக் கணக்கும் பீடிக் கணக்கும் பதிகிற பாஸ்புக்கை வைத்து, அவர் கண் அசரும் நேரம் படம் எடுக்கச் சொன்னாள். நாற்பத்தோரு பேர் எடுத்துப் போட்டார்கள்.

மறுநாளே அடுத்த தெருப் பேச்சித்தாய்க்கு இலை இல்லை என்று சொல்லிவிட்டார் பெருமாள்ராஜ். புருஷன் இல்லாதவள். இலை வராவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் சுற்றுவது மாமியாரின் பாஸ்புக்கில். மாமியார் செத்து நான்கு வருஷம். "பேர மாத்தவெல்லாம் வேண்டாம், அப்படியே ஓட்டு" என்று சொன்னவரே பெருமாள்ராஜ்தான். அங்கே பாதி வீடுகளில் மாமியார் பெயரிலும், கட்டிக்கொடுத்துப் போன நாத்தனார் பெயரிலும்தான் பீடி ஓடுகிறது. யாருக்கும் அது தப்பாகத் தெரியாது. பேச்சித்தாயின் படத்தைப் பார்த்தபோது பொன்செல்விக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆறு வாரம் சட்டம் படித்தவளுக்கு அதுகூடத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"செத்தவ பேருல பீடி சுத்துதியே, போலீசுக்குப் போவட்டாங்காரு. அதுவும் கடையில அம்புட்டுப் பேரு முன்னால" என்றாள் பேச்சித்தாய். "அவரு போன்ல காட்டுனது நான் போட்ட அதே படம்ட்டி செல்வி. நம்ம குழுவுல போட்டது அவருட்ட எப்படிப் போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை பொன்செல்வி அவளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அன்று வகுப்பின் நிறைவு நாள். 'இணைய வழியில் சங்கம்: சிறந்த கிளை' என்று சுவரை அடைத்து ஒரு பேனர். அதில் ஐயம்பெருமாளின் முகம் மட்டும் அண்டா அளவுக்கு இருந்தது.

"வாம்மா பொன்செல்வி. இன்னைக்கு நீதான் பேசணும். சிரிச்ச முகமா இருக்கணும், என்னா?" என்றார் ஐயம்பெருமாள்.

"அண்ணாச்சி, பேச்சியக்காவுக்கு இலைய நிப்பாட்டிட்டாவ."

"அத அப்புறம் பாப்பம். இப்ப சென்னையில இருந்து தோழர் லைன்ல வந்துருவாரு."

அவர் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார். பொன்செல்வி நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் பாடம், அவளுடைய கோணல் எழுத்தில்: 'எதையும் போடுமுன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.' எழுதிக் கோடும் போட்டிருந்தாள். ஆனால் பார்க்கவில்லை. அண்ணாச்சி ஆரம்பித்த குழு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது பார்த்தாள். இருநூற்றாறு பேர். ரொம்பக் கீழே போக வேண்டியிருக்கவில்லை. அட்மின் என்று மேலேயே இரண்டு பெயர்: ஐயம்பெருமாள், அதற்கு அடுத்து 'பீடிக்கடை'. அவளே அப்படிப் பதிந்து வைத்திருந்த பெருமாள்ராஜின் நம்பர்.

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்ன அண்ணாச்சி?"

ஐயம்பெருமாள் சீப்பை மெதுவாகச் சட்டைப்பையில் செருகினார். "இங்கன நெட்டு போட்டுக் குடுத்தது ஆருன்னு நெனச்ச? இந்த டிவியும் அவரு வாங்கிக் குடுத்ததுதான். சும்மா என்னையும் சேத்துக்கிடுங்கன்னாரு. ஒரு மரியாதைக்கு அட்மின் போட்டேன்."

மரியாதைக்கு! ஏஜெண்டு வாங்கிக் கொடுத்த டிவியில், ஏஜெண்டு போட்ட நெட்டில், ஏஜெண்டை எதிர்த்து எப்படி மனு எழுதுவது என்று ஆறு வாரம் படித்திருக்கிறாள். சுவரில் சிரிக்கிற மூஞ்சியில் காறித் துப்பலாம் போல இருந்தது.

டிவியில் சென்னைத் தோழரும், மற்ற மாவட்டத்து முகங்களும் கட்டம் கட்டமாக வந்தார்கள். "தோழர் பொன்செல்வி, இந்த வகுப்பால என்ன கத்துக்கிட்டீங்க?"

"மூணாம் பாடத்தப் படிச்சேன், ஆனா செய்யல தோழர்" என்றாள். "எங்க குழுவுல நாப்பத்தோரு பேரு ஏஜெண்டு மேல ஆதாரம் போட்டம். அதுக்கு ஏஜெண்டே அட்மின். சேத்துவிட்டது எங்க செயலாளரு. பேச்சித்தாய்னு ஒருத்திக்கு இலை நின்னு போச்சு. இந்தா, இங்கனதான்..."

டிவியில் எல்லா முகமும் அப்படியே நின்றது. அவளுடையதும், வாய் திறந்தபடி.

"அட, நெட்டு போயிட்டு" என்றார் ஐயம்பெருமாள். அவர் கை இன்னும் நெட்டுப் பெட்டியின் சுவிட்சின் மேலேயே இருந்தது.

ஆனால் அதற்குள் சொன்னதெல்லாம் சென்னைக்குக் கேட்டுவிட்டது. சாயங்காலம் குழுவில் 'பீடிக்கடை' முதல்முறையாக வாய் திறந்தது. 'பேச்சித்தாய்க்கு நாளை முதல் இலை வழங்கப்படும்.' அடுத்த நிமிஷமே ஐயம்பெருமாள், பூமாலைப் படத்தோடு: 'சங்கத்தின் வெற்றி! பெரிய மனசு கொண்ட பெருமாள்ராஜ் அண்ணாச்சிக்கு நன்றி!' அப்புறம் கும்பிடு கைகள் வரிசையாக வந்தன. பத்து, இருபது, நாற்பது. தூ, என்ன ஜென்மங்கள் என்று பொன்செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் பேச்சித்தாயின் கும்பிடும் வந்தது. அதற்கடுத்து, குழுவிலிருந்து பொன்செல்வியை நீக்கிவிட்டதாக ஒரு வரி வந்தது.

போனைப் பாயில் எறிந்தாள். எல்லாரும் சேர்ந்து தன் தலையில் மிதித்துப் போன மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேச்சித்தாயே வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கும்பிடு போட்டேன்ட்டி. இலை வேணும்லா?"

பொன்செல்வி பீடித்தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கே மறுபடியும் பிடி பிடியாக் கழிப்பாரு. நீ புதுசா ஒரு குழு ஆரம்பி. மொத ஆளா என்னையச் சேரு."

பொன்செல்வி தட்டை இறக்கிவைத்தாள். பிறகு போனைப் பாயிலிருந்து எடுத்தாள், நோட்டையும் எடுத்தாள்.

"ஒம்ம போன ஆரெல்லாம் பாப்பாவ?"

பேச்சித்தாயின் முகம் சுருங்கியது. "என்னையவே கேக்கியா?"

"ஆமாக்கா."

கேட்ட வாய் அவளுக்கே கசந்தது. ஆனாலும் பதில் வரும்வரை நம்பரை அழுத்தவில்லை.

"கொழுந்தன் எடுத்துப் பாப்பான்" என்றாள் பேச்சித்தாய், கடைசியில். "அவன் ஏஜெண்டுக்கு வண்டி ஓட்டுதான்."

பொன்செல்வி போனைக் கீழே வைத்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "அப்ப ஒமக்கு நான் நேர்ல வந்து சொல்லுதேன்" என்று சொல்லி, பேச்சித்தாயின் பெயரை முதலாவதாக எழுதினாள். மாமியார் பெயரை அல்ல.