இரண்டு நூல் குறைச்சல்

தேவகிக்கு முழுசாக ஒரு பொருள் வேண்டும். நகை, நட்டு, நிலம், நீச்சு எதுவும் அவள் கேட்கவில்லை. மூளியாகாத, விரிசல் விடாத, எல்லா உறுப்பும் சேர்ந்த ஒரு ஜாடி. அவ்வளவுதான்.

பிள்ளையார்பாளையத்தில் அவள் குடியிருந்தது ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அந்த அறைக்குள் புருஷன் தணிகாசலத்தின் சைக்கிள், கல்யாணத்தில் வந்த டிரங்குப் பெட்டி, சுருட்டி வைத்த பாய் எல்லாம் போக, இருபத்திரண்டு பழைய பீங்கான் சாமான்கள் இருந்தன. இருபத்திரண்டில் ஒன்றாவது முழுசாக இருந்ததா என்றால் இல்லை. ஊறுகாய் ஜாடிக்கு வாய் பெயர்ந்திருக்கும். கோப்பைக்குப் பிடி போயிருக்கும். ஊரெல்லாம் எவர்சில்வர் வாங்கி அடுக்கிய காலம் அது. எவர்சில்வர் முன்வாசல் வழியாக உள்ளே வந்தது, பீங்கான் கொல்லைப்புறமாக வெளியே போனது. அப்படிப் போனதையெல்லாம் தேவகி கூட்டிவந்து அலமாரியில் உட்கார வைத்தாள்.

சும்மா உட்கார வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் குரோஷாவில் ஒரு சட்டை போட்டாள். ஐந்தாம் வகுப்பில் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்த பின்னல் அது. வாய் உடைந்ததற்குப் பூ வைத்த கழுத்துப் பட்டை, பிடி இல்லாததற்கு நூலிலேயே ஒரு பிடி. மத்தியானம் வேலை முடிந்ததும் ஒரு ஜாடியை எதிரே வைத்துக்கொண்டு, இதற்கு மஞ்சளா ஊதாவா என்று யோசித்தபடி ஊசியைக் கையில் எடுப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் கோயில் யானையே வந்து கூப்பிட்டாலும் அவள் எழுந்திருக்கமாட்டாள். அவ்வளவு சந்தோஷம் அதில்.

தணிகாசலம் ஆறடி உயரம். மரவாடியில் மரத்துக்கு அளவு போடுகிற வேலை. வீட்டுக்குள் நிமிர்ந்தால் தலையில் ஒரு ஜாடி இடிக்கும்.

"இது நான் குடியிருக்குற ஊடா, ஜாடி குடியிருக்குற ஊடா?"

"ரெண்டு பேரும்தான் இருங்களேன். அதுங்க சோறு கேக்கறதில்ல."

அவன் முணுமுணுப்பானே தவிர, உத்தரத்தில் இன்னொரு பலகை அடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

சந்திரனில் ஆள் இறங்கிய வருஷம், முசரவாக்கத்து அங்கம்மாள் வீட்டில் ரேடியோ வாங்கினார்கள். ரேடியோவுக்கு உறை வேண்டுமே. குரோஷாவில் போட்டால்தான் கௌரவம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எட்டு நாளில் மயில் வைத்த உறை ஒன்றைப் பின்னி எடுத்துக்கொண்டு போன தேவகி, அங்கம்மாளின் அடுப்படி மூலையில் அந்த ஜாடியைப் பார்த்தாள். ஜாடிக்குப் பேர்போன கரிகிரியில் அந்தக் காலத்தில் செய்தது. பாசிப் பச்சை. கீறல் இல்லை, விரிசல் இல்லை. விரலால் தட்டினால் கணீரென்றது. உள்ளே எலுமிச்சை ஊறுகாய், மேலே கொட்டாங்கச்சி.

"மூடி எங்க ஆயி?"

"எங்க மாமியா காலத்துலயே ஒடஞ்சி போச்சு. இந்தப் பச்சையில மூடி ஒண்ணு சின்ன காஞ்சிபுரத்து டிராயிங் வாத்தியாருகிட்ட இருக்குதாம். ஜனத்தொகை எடுக்க வந்தப்போ ஜாடிய பாத்தாரு, எட்டு வருசமா கேட்டுக்கினு இருக்காரு. துட்டு தரேன்றாரு. துட்ட வாங்கிக்கினு ஊறுகாய எதுல கொட்டுறதுன்னு குடுக்கல."

இப்போது அங்கம்மாளிடம் ஊறுகாய்க்கு எவர்சில்வர் டப்பா இருந்தது. மயில் உறை ரேடியோவின் மேல் ஏறியது, அதற்குக் கூலியாகப் பச்சை ஜாடி தேவகியின் இடுப்பில் ஏறியது. இருபத்துமூன்றாவது சாமான். மூடி மட்டும் கிடைத்துவிட்டால் முழுசு.

இதை அவள் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணியிடம் சொல்லியிருக்க வேண்டாம். தறிக்கார வீட்டுப் பெண். கை தறிப் பாவில் இருக்கும், காது தெருவில் இருக்கும். டிராயிங் மாஸ்டர் பூவராகவன் பெண்சாதியை இழந்து தனியாக இருப்பவர் என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த நாளே குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது.

"ஜாடி இங்க இருக்குதாம், மூடி சின்ன காஞ்சிபுரத்துல இருக்குதாம். ஜாடிக்கேத்த மூடிய தேடிக்கினு போறா நம்ம தேவகி!"

புருஷன் பெண்சாதிக்குச் சொல்கிற சொலவடை அது. குடங்களுக்கு மேல் சிரிப்பு பொங்கியது. மரவாடி வரைக்கும் அந்தச் சிரிப்பு போய்ச் சேர, தணிகாசலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அந்த ஐயரு ஊட்டுக்கு நீ போவாத."

"ஐயங்காரு. நான் போவத்தான் போறேன். நீங்களும் வாங்க. சைக்கிள் கேரியர்ல நான் ஒக்காந்துக்கினு போறத தெரு முழுக்க பாக்கட்டும்."

அவமானத்தால் கருத்த முகத்தோடுதான் அவன் பெடலை மிதித்தான். ஆனாலும் மிதித்தான். தேவகியின் மடியில் குரோஷாப் பையும், அதற்குள் ஜாடியின் வாயளவுக்கு முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளை நூலும் இருந்தன. தையல்காரர் டேப் வைத்திருப்பார், அவளுக்கு நூல்தான் டேப்.

பூவராகவன் வீடும் ஓர் அறைதான். சந்நிதித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தணிகாசலம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். கிழவர் நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்கள் அதைவிடப் பளிச்சென்றன.

"முசரவாக்கத்து ஜாடியா? உனக்குக் குடுத்துட்டாளா?"

மேஜை மேல் பட்டுத்துணியில் அந்த மூடி இருந்தது. அதே பாசிப் பச்சை. தேவகி கையை நீட்டினாள்.

"தொடாதே!"

சுருக்கென்றது அவளுக்கு. அந்த வார்த்தையை அந்தத் தெருவில் கேட்டவர்கள் அநேகம். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்.

"நீ நினைக்கிறது இல்லேம்மா. என் தம்பி பிள்ளையைக்கூட நான் இதைத் தொட விடறதில்லே. வாலாஜாபாத்ல பழைய சாமான் கடையிலே கிடைச்சுது. பாத்த உடனே தெரிஞ்சுடுத்து, முசரவாக்கத்து ஜாடிக்குன்னே பண்ணினது. இதோ பாரு, அடியிலே குயவனோட விரல் ரேகை."

மூடியைத் தாமே எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ரேகை சரியாகத் தெரியவில்லை என்று பூதக்கண்ணாடி எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

அவ்வளவு நேரம் போதும். தேவகி பையிலிருந்து நூலை எடுத்து, மூடியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும் மேலாகப் பிடித்தாள். கை படவில்லை. நூலின் முடிச்சு விளிம்பைத் தாண்டி நின்றது. மரவாடிக்காரன் பெண்சாதிக்கு அது எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு நூல் என்று பெயர். மூடி இரண்டு நூல் குறைச்சல்.

இந்த ஜாடியும் மூளிதானா? எட்டு வருஷமாக இந்தக் கிழவரும், நாலு நாளாக அவளும், ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்களா? எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இரண்டு நூல்தானே? நூலைத் தின்று நூலைக் குடித்து வளர்ந்த ஊரில் இரண்டு நூலுக்கா பஞ்சம்? அவள் நூலைப் பைக்குள் போட்டாள்.

கண்ணாடியோடு திரும்பியவரிடம் ரேகையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இது அதுக்குப் பொருந்துமா சார்?"

"பொருந்துமாவா?" கிழவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷம் டிராயிங் மாஸ்டரா இருந்திருக்கேன். ஸ்கேல் வைக்காம கோடு போட்டவன். என் கண்ணு பொய் சொல்லுமா?"

"கண்ணுதானே சார். வச்சிப் பாத்தாதானே தெரியும்."

"வச்சுப் பாத்துடலாமே! பொருந்திடுத்துன்னா ஜாடி எனக்கு. பொருந்தலேன்னா மூடி உனக்கு. சம்மதமா?"

குறைச்சல் என்று சொல்லிவிடு என்றது தேவகியின் மனசு. சொல்லாதே என்றது இன்னொரு மனசு. இரண்டாவதுதான் பலமாக இருந்தது.

"சம்மதம் சார். ஆனா ஜாடி ஊட்ட வுட்டு வெளிய வராது. நீங்கதான் மூடிய எடுத்தாரணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவராகவன் மூடியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு ஜம்பமாக வந்திருக்கமாட்டார்கள். அறைக்குள் நுழைந்தவர் பச்சை ஜாடியின் முன் சம்மணம் போட்டு, பெருமாளே என்று சொல்லிக்கொண்டு மூடியை வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, ஜாடியின் வாய்க்குள் டொணக்கென்று இறங்கிவிட்டது.

இரண்டாம் தடவை வைத்தார். திருப்பி வைத்தார். மூன்றாம் தடவை விழுந்தபோது அவர் எடுக்கவில்லை. தேவகிதான் எடுத்துத் தரையில் வைத்தாள். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "மூடி உன்னோடதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த ரிக்‌ஷா தெருமுனையில் காத்திருக்க, அதையும் தாண்டி நடந்தே போனார்.

ஜெயித்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிழவரை ஏமாற்றிவிட்டோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதற்காக அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை. மறுநாளே ஊசியை எடுத்தாள்.

மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் வேண்டும். இரண்டு நூல் என்றால் சுற்றிலும் ஒரு நூல் கனம். கூடினால் மூடி உள்ளே போகாது, குறைந்தால் விழுந்துவிடும். முதல் வளையம் தடித்துவிட்டது, பிரித்தாள். இரண்டாவது, மூடியின் பாரத்தில் தொய்ந்து உள்ளே வழுக்கியது, பிரித்தாள். மூன்றாவதும் அதே கதை. நூல் நைந்து போக, புது உருண்டை எடுத்தாள். விறைப்பு இல்லாமல் நூல் பாரம் தாங்காது. விறைப்புக்கு என்ன வழி என்று ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிரே கிருஷ்ணவேணி வீட்டார் தெருவில் பாவு நூலை இழுத்துக் கட்டி, விறைக்கக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழாயடிச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. இருந்தாலும் கிண்ணத்தோடு போய் நின்றாள்.

"கொஞ்சம் பாவுக் கஞ்சி குடு கிருஷ்ணவேணி."

"எதுக்கு?"

"ஜாடிக்கேத்த மூடிக்குத்தான்."

கிருஷ்ணவேணிக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கிண்ணம் வழிய ஊற்றிக் கொடுத்தாள்.

நான்காவது வளையத்தைக் கஞ்சியில் முக்கி, மூடியிலேயே மாட்டிக் காய வைத்தாள். மறுநாள் மூடியை ஜாடிமேல் வைத்துக் கையை எடுத்தாள். அசையவில்லை. தட்டிப் பார்த்தாள். நகரவில்லை. பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு மட்டும் ஓடியது. தணிகாசலத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். தலை பலகையில் இடித்தது, அதற்குக்கூட அவன் திட்டவில்லை.

"அந்த வாத்தியார கூட்டியாங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு? மறுபடியும் வம்பா?"

"மறச்சி வச்சா இது எனக்கு இனிக்காது. கூட்டியாங்க."

பூவராகவன் சைக்கிள் கேரியரில் வந்து சேர்ந்தார். ஜாடியைப் பார்த்தவர் அப்படியே நின்றார். குனிந்து, கண்ணை விளிம்புக்கு நேராக வைத்து ஒரு சுற்று வந்தார். விரலால் மூடியைத் தொட்டு அழுத்தினார். பிறகு அவர் முகத்தில் ஒரு பழைய வாத்தியார் களை வந்தது.

"பொருந்திடுத்து."

"ஆமா சார்."

"பொருந்தினா ஜாடி எனக்குன்னு பேச்சு. நீதான் சம்மதம்னே."

தணிகாசலம் முன்னால் ஓர் அடி வைத்தான். தேவகி கையைக் காட்டி நிறுத்தினாள். மூடியை எடுத்து, வளையத்தை மெல்லக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோங்க சார். மூடியும் எடுத்துக்கோங்க. நூலு மட்டும் என்னுது."

கிழவர் மூடியை ஜாடிமேல் வைத்தார். டொணக்.

பூவராகவன் ஜாடிக்குள் கையை விட்டு மூடியை எடுத்தார்.

"ரெண்டு நூல்" என்றார். "இது உனக்கு அன்னிக்கே தெரியும். என் ஆத்துல வச்சே அளந்துட்டே. இல்லையா?"

"ஆமா சார். நீங்க கண்ணாடி எடுக்கத் திரும்பினப்போ. தெரிஞ்சிக்கினேதான் சம்மதம்னேன். தப்புதான்."

"தப்புதான்" என்றார் அவரும். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது நெடுநேரம் நிற்கவில்லை. "எட்டு வருஷத்துல நான் ஒரு தடவை நூலை வச்சுப் பாத்திருக்கலாம். எனக்குத் தோணலையே." கையை நீட்டினார். தேவகி வளையத்தைக் கொடுத்தாள். ஸ்கேல் இல்லாமல் கோடு போட்ட விரல்கள் அதை விளிம்பில் ஒழுங்காக ஏற்றின. மூடியைத் தாமே ஜாடிமேல் வைத்து, ஜாடியை அவள் பக்கம் தள்ளினார்.

"இங்கேயே இருக்கட்டும்."

தேவகிக்குக் கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவர் போக எழுந்தார், செருப்பை மாட்டினார், ஆனால் போகவில்லை. வாசலில் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்காத்துல இன்னும் ஒன்பது மூடி இருக்கும்மா. ஒண்ணுக்கும் ஜாடி இல்லே."

தணிகாசலம் தன் தலைக்கு மேலிருந்த பலகையையும், மீதி இருந்த சுவரையும் கவலையோடு பார்த்தான். தேவகி அதற்குள் உருண்டையிலிருந்து முழம் முழமாக நூலை அறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நூலு. அளந்து முடிச்சி போட்டு எடுத்தாங்க சார். சுத்துப்பட்டு ஊர்ல ஜாடிய நான் தேடுறேன்."

ஒன்பது நூலையும் வாங்கி மேல்துண்டின் முனையில் முடிந்துகொண்ட பூவராகவன் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"ஜாடி கிடைச்சா அது யாருக்கு?"

"மொதல்ல அளந்துக்கினு வாங்க சார்" என்றாள் தேவகி.